லூப் சுழலும்போது உள்ளே என்ன நடக்கிறது? முதலாண்டு மாணவர்களுக்கு

முதல் செமஸ்டர் புரோகிராமிங் லேபில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூடத் தடுமாறுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து காலை பஸ் பிடித்து சேலம் வருகிற பிள்ளைகள். பிளஸ் டூ கணக்கில் நல்ல மார்க், இன்டெக்ரேஷன் சரசரவென்று போடுவார்கள். ஆனால் ஐந்து வரி லூப், அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் புரோகிராம் ஒன்றைக் காட்டி இதன் அவுட்புட் என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ரெக்கார்டு நோட்டில் அதே புரோகிராமை அழகாக எழுதி கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள், சொன்னால் வரி பிசகாமல் ஒப்பிக்கவும் செய்வார்கள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து உள்ளே ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு "இப்ப என்ன வரும்?" என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

இதற்குக் காரணம் மூளை இல்லாததல்ல, இங்கிலீஷ் வராததும் அல்ல. பன்னிரண்டு வருஷம் கணக்குப் படித்த பழக்கத்தில் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஒரு ஃபார்முலாவாகப் பார்க்கிறார்கள். ஃபார்முலா என்றால் எப்போதும் உண்மை, எந்த வரிசையில் எழுதினாலும் உண்மை. புரோகிராம் வரி அப்படியில்லை. அது அந்த நொடியில் செய்து முடிக்கப்படுகிற ஒரு வேலை, செய்ததும் முடிந்துபோயிற்று, அடுத்த வரிக்கு அது மிச்சம் வைத்துவிட்டுப் போவது வேரியபிள்களில், அதாவது மதிப்பை எழுதி வைக்கும் பெயர்களில், இருக்கும் மதிப்புகளை மட்டும்தான். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் லூப் பயப்படுத்தாது. பிடிபட வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி டிரை ரன், அதாவது கம்ப்யூட்டர் செய்வதை ஒரு பேப்பரில் நாமே வரி வரியாகச் செய்து பார்ப்பது.

ஒரு குறிப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டருக்குப் பைதான் வைத்தார்கள், தன்னாட்சிக் கல்லூரிகளில் சிலவற்றில் சி மொழியில் ஆரம்பிப்பதும் உண்டு. நான் இங்கே பைதானை எடுத்துக்கொள்கிறேன், சி வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். வைல், ஃபார், பிரிண்ட் போன்ற கீவேர்டுகளைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், சிஸ்டத்தில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். வேரியபிள் பெயர்களைப் பைதான் 3இல் நிஜமாகவே தமிழில் வைக்கலாம், அப்படியே ஓடும்.

சரி, முதலில் லூப்பே இல்லாத ஒரு வரி.

மட்டம் = மட்டம் + 3

கணக்கு வாத்தியாரிடம் காட்டினால் இரண்டு பக்கமும் மட்டத்தைக் கழித்துவிட்டு 0 = 3 என்கிறாயா என்று கேட்பார், அவர் கேட்பது நியாயம். இங்கே சமக்குறிக்கு வேறு வேலை. கம்ப்யூட்டர் முதலில் வலது பக்கத்தை மட்டும் பார்க்கிறது, மட்டத்தில் இப்போது என்ன எண் இருக்கிறதோ அதை எடுத்து 3 கூட்டுகிறது, வந்த விடையை இடது பக்கம் இருக்கும் பெயரில் எழுதுகிறது. பழையது அழிந்தது. மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் ஒரு பலகையில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: நேற்று 100, ராத்திரியில் 3 அடி ஏறியது, நூறை அழித்துவிட்டு 103 என்று எழுதுகிறார்கள். பலகையில் எப்போதும் ஒரே ஒரு எண்தான், நேற்று என்ன இருந்தது என்று பலகைக்குத் தெரியாது. வேரியபிளும் அவ்வளவுதான்.

சமக்குறியைக் கணக்கில் முதலில் பயன்படுத்தியவர் ராபர்ட் ரெக்கார்ட், 1557இல். கம்ப்யூட்டர் மொழிகளில் அதை 'எழுது' என்ற வேலைக்கு இழுத்தது 1957இல் வந்த ஃபோர்ட்ரான். அல்கால், பாஸ்கல் மொழிகளை உருவாக்கியவர்கள் இந்தக் குழப்பம் வேண்டாம் என்று முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த தனிக் குறியீடு வைத்தார்கள், என் அபிப்பிராயத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஆனால் 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி ஒற்றைச் சமக்குறியையே வைத்துக்கொண்டது, பைதானும் அதே வழிதான். அதனால் இரண்டும் சமமா என்று கேட்க இரட்டைச் சமக்குறி தேவைப்பட்டது. சி மொழியில் இஃப் கண்டிஷனுக்குள் ஒற்றைச் சமக்குறி போட்டு, மட்டம் = 120 என்று எழுதிவிட்டால் அது கேள்வி கேட்காது, 120ஐ எழுதிவிட்டு, பூஜ்யமில்லாத எண் என்பதால் உண்மை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கம்பைலர் (சி புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பல சமயம் எச்சரிக்கை மட்டும் தரும், பைதான் எரர் சொல்லி நிறுத்திவிடும்.

வரி என்பது முடிந்துபோகும் வேலை என்று சொன்னேன், அதைக் காட்ட இன்னொரு சின்ன உதாரணம். ஜவ்வரிசிக் கணக்கு, விலை நானாகப் போட்டது.

மூட்டை = 10
விலை = 4000
தொகை = மூட்டை * விலை
மூட்டை = 15
பிரிண்ட்(தொகை)

என்ன வரும்? முக்கால்வாசிப் பேர் 60000 என்பார்கள். வருவது 40000. மூன்றாவது வரி ஓடிய நொடியில் மூட்டை 10, விலை 4000, பெருக்கி 40000ஐத் தொகையில் எழுதியாயிற்று, அத்தோடு அந்த வரியின் வேலை தீர்ந்தது. எப்படி வந்த எண் என்பது தொகைக்குத் தெரியாது. பிறகு மூட்டையை மாற்றினால் தொகை தானாக மாறாது. எக்செலில் மாறும், ஏனென்றால் எக்செல் ஃபார்முலாவையே செல்லுக்குள் வைத்திருக்கிறது, மதிப்பு மாறும்போதெல்லாம் திரும்பக் கணக்குப் போடுகிறது. பைதானிலும் சியிலும் தொகை மாற வேண்டுமென்றால் மூன்றாவது வரியை நீங்கள் திரும்ப ஓட்ட வேண்டும். லூப் என்பதே அதற்குத்தான், அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கு, ஒவ்வொரு முறையும் அப்போதைய மதிப்புகளை வைத்து.

இப்போது மேட்டூர் கணக்கையே முழுதாகப் போடுவோம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அப்போது கொள்ளளவு 93.47 டிஎம்சி. இன்று மட்டம் 100 அடி, தினமும் 3 அடி ஏறுகிறது என்று வைத்தால் அணை நிரம்ப எத்தனை நாள்?

மட்டம் = 100
நாள் = 0
வைல் மட்டம் < 120:
    மட்டம் = மட்டம் + 3
    நாள் = நாள் + 1
பிரிண்ட்(நாள், மட்டம்)

பேப்பரை எடுங்கள். மேலே இரண்டு தலைப்பு, மட்டம், நாள். கண்டிஷனுக்கு மூன்றாவதாக ஒரு பத்தி. தொடக்கத்தில் 100, 0. நூறு 120ஐவிடச் சின்னதா, ஆமாம், உள்ளே போ. 103, 1. மேலே திரும்பு, 103 சின்னதா, ஆமாம். 106, 2. இப்படியே 109, 3. 112, 4. 115, 5. 118, 6. மேலே திரும்பு, 118 சின்னதா, ஆமாம், உள்ளே போ. 121, 7. மேலே திரும்பு, 121 சின்னதா, இல்லை, வெளியே வா. அவுட்புட் 7, 121.

அந்த 121ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 120க்குக் குறைவாக இருக்கும்வரை என்றுதானே சொன்னோம், எப்படி 120ஐத் தாண்டியது? இங்கேதான் நிறையப் பேர் உள்ளுக்குள் ஒரு தப்பான படம் வைத்திருக்கிறார்கள்: கண்டிஷன் ஒரு காவலாளி மாதிரி லூப் ஓடும் நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கும், உடைந்த நொடியில் நிறுத்திவிடும் என்று. கிடையாது. கண்டிஷனும் ஒரு வரிதான், அதன் முறை வரும்போது ஒரு தடவை கேட்கப்படுகிறது, அவ்வளவுதான். 118 இருக்கும்போது கேட்டது, சரி என்றது, பிறகு உள்ளே மட்டம் 121 ஆனபோது யாரும் கேட்கவில்லை. மறுபடி மேலே வந்தபோதுதான் தெரிந்தது. நிஜ அணையில் பாக்கித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், புரோகிராமில் அதற்கு நாம்தான் ஒரு இஃப் எழுத வேண்டும்.

இதே அட்டவணையில் இன்னும் சிலவற்றை மாற்றிப் பாருங்கள். கண்டிஷனை "மட்டம் 120க்குச் சமமில்லாதவரை" என்று எழுதினால்? 118க்குப் பிறகு 121, அது 120 இல்லை, உள்ளே போ, 124, 127, நிற்கவே நிற்காது. சிஸ்டம் ஹேங்க் ஆகிவிட்டது என்று பக்கத்து சிஸ்டத்துக்கு மாறிப் போகிற பிள்ளைகள் உண்டு, சிஸ்டத்தில் கோளாறு ஒன்றும் இல்லை, கன்ட்ரோல் சி அடித்தால் நிற்கும். தசம எண்களில் இது இன்னும் மோசம், பைதானில் பூஜ்யத்தோடு 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும், ஏனென்றால் 0.1ஐ இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. அதனால் லூப்பை நிறுத்துவதற்குச் சமமா என்று கேட்பதைவிடச் சின்னதா பெரியதா என்று கேட்பதே நல்ல பழக்கம்.

தொடக்க மட்டமே 120 என்றால்? முதல் கேள்வியிலேயே இல்லை என்று வந்துவிடும், உள்ளே ஒரு தடவைகூடப் போகாது, அவுட்புட் 0, 120. இதையே சி மொழியின் டூ வைலில் எழுதினால் கேள்வி கீழே இருப்பதால் ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் கேட்கும், 1, 123 என்று தப்பாக வரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வைவாவில் கேட்கும்போது புத்தக வரையறையை ஒப்பிப்பதற்குப் பதில் இந்த 120ஐச் சொல்லுங்கள். அப்புறம், பிரிண்ட் வரியை நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளினால் அது லூப்புக்குள் போய்விடும், ஒரு வரிக்குப் பதில் ஏழு வரி அச்சாகும். சியில் வைல் கண்டிஷனை மூடியதும் கை பழக்கத்தில் செமிகோலன் வைத்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத லூப் ஆகி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், எரர் வராது, அவுட்புட்டும் வராது.

ஃபார் லூப்புக்கு ஏற்காட்டு ரோடு இருக்கிறது. அடிவாரத்திலிருந்து மேலே போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்டிருக்கும். அவற்றை வரிசையாக அச்சிட வேண்டும்.

ஃபார் வளைவு இன் ரேஞ்ச்(1, 20):
    பிரிண்ட்(வளைவு)

இது 1இல் ஆரம்பித்து 19இல் நின்றுவிடும், இருபதாவது வளைவு வராது. ரேஞ்சில் முதல் எண் சேரும், கடைசி எண் சேராது. 20 வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 21) என்று எழுத வேண்டும், வெறும் ரேஞ்ச்(20) என்றால் 0 முதல் 19 வரை, இருபது எண்கள்தான், ஆனால் பூஜ்யமாவது வளைவு என்று ஒன்று மலையில் இல்லை. ஏன் இப்படி வைத்தார்கள் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு சின்னக் குறிப்பில் இதை விளக்கியிருக்கிறார்: மேல் எல்லையைச் சேர்க்காவிட்டால் மேலிருந்து கீழைக் கழித்தால் எத்தனை எண்கள் என்பது நேராகக் கிடைக்கும், 21இலிருந்து 1ஐக் கழித்தால் 20. பாதி மலை ரேஞ்ச்(1, 11), மீதி மலை ரேஞ்ச்(11, 21) என்று பிரித்தால் எந்த வளைவும் விடுபடாது, இரண்டு தடவையும் வராது.

இந்த ஒன்று கூட, ஒன்று குறைய வரும் பிழையை ரேஞ்ச் விதியை மட்டும் மனப்பாடம் செய்து தாண்டிவிட முடியாது, ஏனென்றால் பாதிச் சமயம் தப்பு கேள்வியில் இருக்கிறது. 20 வளைவுகளுக்கு இடையில் எத்தனை ரோடுத் துண்டுகள்? 19. அடிவாரத்திலிருந்து முதல் வளைவு வரையும், கடைசி வளைவிலிருந்து ஏற்காடு வரையும் சேர்த்தால்? 21. வளைவுகள் மட்டும் என்றால் 20. மூன்றும் ஒரே ரோடுதான், எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. கோடு எழுதுவதற்கு முன் 20க்குப் பதில் 3 வளைவு உள்ள ஒரு ரோட்டைப் பேப்பரில் வரைந்து துண்டுகளை விரலால் எண்ணுங்கள், அரை நிமிஷ வேலை. சி எழுதும்போது சின்னதா, சின்னதோ சமமோ என்ற இரண்டு குறிகளில் எது வேண்டும் என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லா லேபிலும் வரும் இன்னொரு புரோகிராம், எண்ணைத் தலைகீழாக்குவது. டிரை ரன் இல்லாமல் இதை நிஜமாகப் புரிந்துகொண்ட யாரையும் நான் பார்த்ததில்லை. சேலத்துப் பின்கோடு 636001ஐ எடுத்துக்கொள்வோம்.

எண் = 636001
தலைகீழ் = 0
வைல் எண் > 0:
    கடைசி = எண் % 10
    தலைகீழ் = தலைகீழ் * 10 + கடைசி
    எண் = எண் // 10
பிரிண்ட்(தலைகீழ்)

சதவீதக் குறி இங்கே மீதியைத் தரும், பத்தால் வகுத்தால் மீதி என்பது கடைசி இலக்கம். இரட்டைச் சாய்கோடு தசமத்தை விட்டுவிட்டு ஈவை மட்டும் தரும், அதாவது கடைசி இலக்கம் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது:

கடைசி 1, தலைகீழ் 1, எண் 63600
கடைசி 0, தலைகீழ் 10, எண் 6360
கடைசி 0, தலைகீழ் 100, எண் 636
கடைசி 6, தலைகீழ் 1006, எண் 63
கடைசி 3, தலைகீழ் 10063, எண் 6
கடைசி 6, தலைகீழ் 100636, எண் 0

பத்தால் பெருக்குவது ஏன் என்று கேட்டால் இந்த ஆறு வரிகளே பதில், வரும் இலக்கத்துக்கு இடம் விட ஏற்கெனவே இருப்பதை இடது பக்கம் தள்ளுகிறோம். இப்போது லூப்புக்குள் கடைசி வரியைத் தூக்கி முதலில் வையுங்கள், அதாவது எண்ணை வகுத்துவிட்டு அப்புறம் மீதி எடுங்கள். வரிகள் அதே மூன்றுதான், ஃபார்முலாக்களாக இருந்தால் வரிசை மாறியதால் ஒன்றும் ஆகியிருக்காது. விடை 6360 வரும். எப்படி என்று அட்டவணை போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இதற்கு அடுத்தது பாலிண்ட்ரோம், முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கும் எண்ணா என்று பார்ப்பது. 636 அப்படிப்பட்ட எண். லூப் முடிந்ததும் எண்ணும் தலைகீழும் சமமா என்று கேட்டு ஒரு இஃப் எழுதினால், 636க்கும் பாலிண்ட்ரோம் இல்லை என்றே அச்சாகும். லாஜிக் சரியாகத்தானே இருக்கிறது என்று பிள்ளைகள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அட்டவணையின் கடைசி வரியில் பதில் இருக்கிறது: லூப் முடியும்போது எண் 0 ஆகிவிட்டது, இலக்கம் இலக்கமாக நாமேதான் அதைத் தின்றுவிட்டோம். லூப்புக்கு முன்பே அசல் = எண் என்று ஒரு வரி எழுதி, கடைசியில் அசலோடு ஒப்பிட வேண்டும். இன்னொன்று, தலைகீழாக்கும் புரோகிராமைச் சோதிக்க 636 மாதிரி எண்ணைக் கொடுக்காதீர்கள், புரோகிராம் எண்ணைத் திருப்பாமல் அப்படியே அச்சிட்டாலும் சரியாக இருப்பது போலத் தோன்றும். பைதானில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பதில் ஒற்றைச் சாய்கோடு போட்டுவிட்டால் தசமம் வந்துவிடும், எண் பூஜ்யத்துக்கு வரவே நூற்றுக்கணக்கான சுற்று ஆகும். சியில் முழு எண்களுக்கு ஒற்றைச் சாய்கோடே ஈவைத் தருவதால், சியிலிருந்து பைதானுக்கு மாற்றி எழுதும்போது இது அடிக்கடி நடக்கும்.

சில சமயம் பேப்பர் ஒன்று சொல்லும், மெஷின் வேறொன்று சொல்லும். பழைய டர்போ சி கம்பைலரில் 8 ஃபேக்டோரியலை (1 முதல் 8 வரை பெருக்கியது) முழு எண்ணுக்கான இன்ட் வகையில் போட்டால் -25216 வரும். உங்கள் பேப்பரில் 40320 இருக்கும், பேப்பர்தான் சரி. அங்கே இன்ட்டுக்கு 16 பிட், அதிகபட்சம் 32767 வரைதான் பிடிக்கும். இப்போதைய கம்பைலர்களில் பெரும்பாலும் 32 பிட், 2147483647 வரை, அதனால் 12 ஃபேக்டோரியல் வரை சரியாக வந்து 13இல் பிசகும். பைதானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லை. கையால் போட்டுப் பார்க்காதவருக்கு அந்த மைனஸ் எண் ஒரு புதிர், போட்டவருக்கு எந்தச் சுற்றில் பிசகியது என்பதுவரை தெரியும்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்சர்வேஷன் நோட்டின் இடது பக்கத்தில் புரோகிராம், வலது பக்கத்தில் வேரியபிளுக்கு ஒரு பத்தி. மனசுக்குள் இரண்டு வரி சேர்த்து ஓட்டாதீர்கள், ஒரு வரி, ஒரு மாற்றம், பழைய எண்ணை அடித்துவிட்டுக் கீழே புதியது. முதலில் நீங்கள் போட்டு முடியுங்கள், அப்புறம் லூப்புக்குள் ஒரு பிரிண்ட் வைத்து மெஷின் ஒவ்வொரு சுற்றிலும் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள், முதலில் எந்த வரியில் இரண்டும் பிரிகிறதோ அந்த வரிதான் உங்களுக்குப் புரியாத வரி, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பைதான் டியூட்டர் என்று இலவசத் தளம் ஒன்று இருக்கிறது, ஃபிலிப் குவோ 2010இல் உருவாக்கியது, கோடை ஒட்டினால் வரி வரியாக ஓட்டி வேரியபிள்களைப் படமாகக் காட்டும், சியும் அதில் ஓடும், போனிலேயே திறக்கலாம். ஆனால் பேப்பருக்குப் பிறகு. முதலிலேயே அதைப் பார்த்தால் சினிமா பார்ப்பது போலக் கண்ணுக்குச் சுகமாக இருக்கும், கைக்கு ஒன்றும் வந்திருக்காது.

இன்று ராத்திரி போட ஒரு கணக்கு: மேலே உள்ள அதே தலைகீழ் புரோகிராமில் 636010ஐக் கொடுங்கள். ஆறு இலக்கம் உள்ளே போகிறது, 10636 என்று ஐந்து இலக்கம்தான் வெளியே வருகிறது. எந்தச் சுற்றில் ஒரு இலக்கம் காணாமல் போனது, அந்தச் சுற்றில் தலைகீழில் என்ன இருந்தது என்று அட்டவணையில் வட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள்.